கோழியா, ஆள்பிடிகாரனா?

ஹிக்கரி மேட்டில் மற்ற வீடுகளில் சமையல் முடிந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். மார்செலின் பர்னெல் வீட்டில் முடிந்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். வாசல் நிலையில் ஆணியில் தொங்கும் சங்கை எடுத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நீளமாக ஊதுவாள். ஒரே ஊதல். காளவாயில் அவள் புருஷன் லெவின் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்புவார். "போய்யா போ, மேலேருந்து அழைப்பு வந்துடுச்சு" என்று கூட இருக்கிறவர்கள் வழியனுப்பி வைப்பார்கள்.

அந்தச் சங்கு கடல் தாண்டி வந்தது. மார்செலினின் அம்மா ஸாபெத், செயின்ட் டொமிங்கோ தீவில் கரும்புத் தோட்டத்து அடிமை. அங்கே இருட்டு விலகுவதற்கு முன்னால் ஜனங்களை வயலுக்கு விரட்ட ஊதுவது இதே மாதிரிச் சங்குதான். ஒரு ஆகஸ்ட் மாதம் அதே சங்குகளை ஜனங்கள் தாங்களே எடுத்து வேறு காரியத்துக்கு ஊதினார்கள். கரும்பு எரிந்தது, ஆலை எரிந்தது, எஜமானர்கள் கப்பலேறினார்கள். ஸாபெத்தின் எஜமானி வெள்ளிக் கரண்டிகளையும் ஸாபெத்தையும் கூட்டிக்கொண்டு ஃபிலடெல்பியாவுக்கு ஓடிவந்தாள். இடமில்லை என்று நாய்க்குட்டியைக் கரையில் விட்டுவிட்டு வழியெல்லாம் அழுத அந்த அம்மாளுக்கு, தன் உள்பாவாடை மூட்டைக்குள் ஒரு சங்கு வருகிறது என்பது கடைசிவரை தெரியாது.

பென்சில்வேனியாவின் சட்டம் ஸாபெத்தை எஜமானியிடமிருந்து கழற்றிவிட்டது. அதன்பின் அவள் ஊரார் துணி துவைத்துப் பிழைத்தாள். வீரக்கதை சொல்லுகிற பெண் இல்லை அவள். மார்செலின் சிறுமியாக இருந்தபோது, அந்தத் தீவில் என்னதான் நடந்தது என்று நச்சரித்தால், துணியைப் பிழிந்துகொண்டே சொல்வாள்: "ஊதினோம். வந்தாங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. சங்கின் முனையில் உதட்டை எப்படிப் பொருத்துவது, மூச்சை அடிவயிற்றிலிருந்து எப்படி எடுப்பது என்பதை மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

லெவின் பர்னெல் மேரிலாந்துக்காரர். பிறக்கும்போதே சுதந்திர மனிதன் என்று சொல்லிக்கொள்வார். எல்லையைத் தாண்டி ஓடிவந்தவர் என்று மேட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. கறுப்பர்களே குடியிருக்கும் அந்த மேட்டில் பாதிப் பேர் அப்படி 'பிறக்கும்போதே சுதந்திரம்' பெற்றவர்கள்தான். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மேரிலாந்து எல்லை. அந்தப் பக்கம் மனிதரை விற்கலாம், வாங்கலாம். இந்தப் பக்கம், பென்சில்வேனியாவில், கூடாது. ஆனால் ஆள்பிடிகாரர்களின் குதிரைகளுக்கு எல்லைக்கோடு கண்ணில் படுவதில்லை. ஓடிவந்தவர், இங்கேயே பிறந்தவர் என்ற வித்தியாசமும் அவர்களுக்குக் கிடையாது. கறுப்புத் தோலாக இருந்தால் போதும், கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் மேட்டுக்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். மார்செலின் ஒருமுறை ஊதினால் லெவினுக்குச் சாப்பாடு. தொடர்ந்து மூன்று முறை ஊதினால் ஆள்பிடிகாரன் வந்திருக்கிறான்; கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடி வரவேண்டும்.

ஏற்பாடு செய்த அடுத்த கோடையிலேயே அது ஒரு கோழியால் சிரிப்பாய்ச் சிரித்தது.

அன்றைக்கு மார்செலின் கோழியும் மாவுத்துண்டும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஊதினாள். லெவின் வரவில்லை. காளவாயில் ஏதோ சரிவு, விட்டுவிட்டு வரமுடியவில்லை. மாவுத்துண்டு ஆறினால் களிமண் மாதிரி ஆகிவிடும். அவளுக்குக் கோபம் வந்தது. இன்னொரு முறை ஊதினாள். அந்த நேரம் பார்த்துத் தகரச் சாமான் விற்கிற வெள்ளைக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, ஒரு காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினான். "ஒன்னும் வேண்டாம், போய்யா" என்று சொல்லிவிட்டு, இருந்த எரிச்சலில் மூன்றாவது முறையும் ஊதிவிட்டாள்.

சங்கைக் கீழே இறக்குவதற்குள் காளவாயிலிருந்து இரும்புக் கடப்பாரைகள் ஓடைக்குள் இறங்கி வந்தன. வயலிலிருந்து அரிவாள்களும் வைக்கோல் அள்ளும் கவைக்கோல்களும் வந்தன. பக்கத்து வீட்டுக் கெசியா பாண்டம், கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவள், பாதி பிடுங்கிய கோழியோடே வந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் தகர வியாபாரியைச் சுற்றி வேலி போட்ட மாதிரி ஆட்கள். அவன் இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கையில் காப்பிப் பாத்திரம்.

"யாரைப் புடிக்க வந்தே? சொல்லுடா!" என்றார் லெவின், உடம்பெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாக.

"காப்பி... காப்பிப் பாத்திரம் ஐயா... நல்ல தகரம்..."

எல்லோரும் மார்செலினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்ளே திரும்பி அடுப்பைப் பார்த்தாள்.

"குழம்பு ஆறிப்போகுதேன்னு..." என்றாள்.

முதலில் சிரித்தது கெசியாதான். கையில் கோழி தலைகீழாகத் தொங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வியாபாரி அந்தச் சிரிப்புக்குள் புகுந்து வண்டியை அடித்து ஓட்டிவிட்டான். காப்பிப் பாத்திரம் படியிலேயே கிடந்தது. அவன் அதற்காகத் திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து மேட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. மார்செலினை வழியில் யார் பார்த்தாலும், "என்ன மார்சி, இன்னைக்குக் கோழியா, ஆள்பிடிகாரனா?" என்பார்கள். கல்யாணத்தில் கேட்பார்கள், அறுவடையில் கேட்பார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கு வேறு ஒன்று இருந்தது. எதற்கு, ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்காமல் ஓடி வந்தார்கள். சரிகிற காளவாயை விட்டுவிட்டு வந்தார்கள். அம்மா சொன்ன இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அன்றைக்கு அதைப் பார்த்த இன்னொருத்தன் அவள் மகன் ஜேபெஸ். முன்பல் விழுந்த வயசு. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் போனபிறகு கேட்டான்.

"அம்மா, ஊதினா எல்லாரும் வருவாங்களா?"

"வராம என்ன?" என்றாள் மார்செலின், ஆறிப்போன மாவுத்துண்டைக் குத்திப் பார்த்துக்கொண்டே.

ஓடிவந்தவர்களை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தபோது ஜேபெஸுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மூன்று ஊதல் நிஜமாகவே கேட்டது. ஓடையோரம் அடைக்கலமாக இருந்த ஒரு தாயையும் மகளையும் தேடி, கான்ஸ்டபிளோடு நாலு குதிரைகள் வந்திருந்தன. மேடு முழுக்க வந்தது. இந்த முறை கெசியா கையில் கோழி இல்லை. சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தவள், தோலைப் பொசுக்குகிற காரநீரைக் கொதிக்கக் கொதிக்க வாளியோடு தூக்கி வந்திருந்தாள். கான்ஸ்டபிள் சட்டம் என்று ஒரு தாளை நீட்டினான்.

"தாளை நீ வெச்சுக்கோ ராசா. மூஞ்சியும் உனக்கு வேணுமா வேணாமா, அதைச் சொல்லு" என்றாள் கெசியா.

முன்வரிசையில் அப்பாவின் துப்பாக்கியோடு ஜேபெஸ் நின்றான். துப்பாக்கி தாழவில்லை. குதிரைகள் திரும்பின. அந்தத் தாயும் மகளும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹிக்கரி மேட்டிலிருந்து ஒருத்தரைக்கூட எவனும் கொண்டுபோனதில்லை என்று மேட்டுக்காரர்கள் இன்றைக்கும் தலையை நிமிர்த்திச் சொல்வார்கள். சொல்லட்டும். சொல்லிக்கொள்ளவேண்டிய விஷயம்தான்.

மேட்டில் ஒரு சிறிய சபை உண்டு. போதகர் ஆஸ்பரி டில்மன் அங்கே வாரநாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். இளவயதில் அவர் பிரசங்கம் கேட்டால் பெஞ்சு சூடாகும் என்பார்கள். ஜேபெஸ் அவரிடம்தான் படித்தான்.

அந்தச் சபையில் ஒரு பழக்கம். யார் இறந்தாலும் பெட்டியைக் குழிக்கு எடுப்பதற்கு முன்னால் போதகர் சபையைப் பார்த்து, "இவர்மேல் யார் கை இருக்கிறது?" என்று கேட்பார். செத்தவரின் வாழ்க்கையில் கை வைத்தவர்கள் எழுந்து நின்று சொல்லவேண்டும். பிரசவம் பார்த்த கை, நடக்கப் பழக்கின கை, கோடாரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை. நல்லதுதான் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. குடிகாரக் கேட்டோ சிப்பிள் செத்தபோது ஒருவர் எழுந்து, "ஊத்திக் கொடுத்த கை" என்று சொல்லிவிட்டு அழுதார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். எஜமானனின் கை மட்டுமே தெரிந்த இடத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒரு மனிதன்மேல் வேறு யார் யார் கை இருந்தது என்பதைச் சொல்லாமல் மண்ணுக்குள் அனுப்பமாட்டார்கள்.

ஜேபெஸ் வளர்ந்து சுண்ணாம்பு வண்டி ஓட்டினான். நகரத்துக்குப் போனான், கூட்டங்களுக்குப் போனான், செய்தித்தாள் கொண்டுவந்து அடுப்படியில் உரக்கப் படித்தான். கான்சாஸில் அடிமை முறைக்கு எதிராகச் சண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பற்றிச் சொன்னான். "பேசறவங்களை நிறையப் பாத்துட்டேன்மா. இவரு கெளம்பறவரு" என்றான்.

இங்கிலாந்து தன் தீவுகளில் அடிமைகளை விடுவித்த நாள் என்று, ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் தேதியும் மேட்டில் விருந்து நடக்கும். பன்றித்தொடை வறுவல், சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பூரணம் வைத்துச் சுட்ட அப்பம், வாளி வாளியாக எலுமிச்சைச் சாறு. அந்தக் கிழவரைப் பற்றிச் சொன்ன வருஷம், விருந்து முடிந்த மறுநாள் காலையில் ஜேபெஸ் மூட்டை கட்டினான். மேற்கே கல்குவாரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். மார்செலின் அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் சங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இதை எடுத்துட்டுப் போகவா?"

"குவாரியில எதுக்குடா சங்கு?"

"சும்மாதான்."

"உங்கப்பாவை நான் எப்படிச் சோத்துக்குக் கூப்பிடறது? கூவியா?" என்றாள்.

அவன் சிரித்தான். ஆணியில் தொங்கிய சங்கை விரலால் ஒருமுறை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான்.

அக்டோபரில் செய்தி வந்தது. வர்ஜீனியாவில் ஆற்றோரத்து அரசாங்க ஆயுதக்கிடங்கை அந்தக் கான்சாஸ் கிழவரும் அவர் ஆட்களும் பிடித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து போனார்கள். கிடங்கைப் பிடித்தால் சுற்றுவட்டாரத்து அடிமைகள் எல்லோரும் திரண்டு வருவார்கள், ஆயுதத்தைக் கையில் கொடுத்து மலைக்குள் ஏறிவிடலாம் என்பது திட்டம். அவர்கள் நினைத்தபடி ஜனம் திரளவில்லை. பட்டாளம் வந்தது. ஜேபெஸ் பர்னெல் ஆற்றைக் கடக்கும்போது சுடப்பட்டான். உடலைக் கொடுக்கமாட்டோம் என்றார்கள்.

மார்செலின் அழுதாள். எல்லாத் தாயும் அழுகிற மாதிரிதான். ஆனால் அழுகை ஓய்ந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒன்று அவளை அரித்தது. திரண்டு வருவார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது? தப்பாக ஊதினால்கூட மொத்த மேடும் ஓடி வந்ததைப் பார்த்த பிள்ளை. வராம என்ன என்று சொன்ன அம்மா. அங்கே இருந்த அடிமைகளைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர்களோடு யார் கூடிப் பேசினார்கள்? ஒரு ஊதலுக்கு இன்னது, மூன்றுக்கு இன்னது என்று யார் சொல்லிவைத்தார்கள்? சங்கையே கொடுத்து அனுப்பியிருந்தாலும் அங்கே அதன் பாஷை யாருக்கும் தெரிந்திருக்காது. இதெல்லாம் அவளுக்கு விளங்கியது. இருந்தாலும் சங்கு தொங்குகிற ஆணியைப் பார்க்காமல் கொல்லை வழியாகவே போய்வந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் டில்மன் வந்தார். தகர வியாபாரி விட்டுப்போன பாத்திரத்தில் மார்செலின் காப்பி கொதிக்க வைத்தாள். போதகர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை ஜேபெஸுக்கு நினைவு ஆராதனை என்றார். பிறகு ஒரு தாளைப் பிரித்தார். அதில் எழுதியிருந்ததை வாயாலும் சொன்னார்.

"ஒரு வெள்ளைக்காரக் கிழவர். சண்டையில ஊறினவர். அவர் பேச்சுல பையன் மயங்கிட்டான், வழி தவறிட்டான். நம்ம மேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இதை ஆராதனையில வாசிச்சுட்டா எல்லாருக்கும் நல்லது, சகோதரி. யாருக்கும் நஷ்டமில்லை."

"எம்புள்ளைக்கு நஷ்டம், போதகரே."

"அவன் கர்த்தர்கிட்ட இருக்கான்."

"உடம்பு வர்ஜீனியாக்காரன்கிட்ட இருக்கு. ஆத்மா கர்த்தர்கிட்ட இருக்கு. எங்கிட்ட இருக்கிறது அவன் பேரு ஒன்னுதான். அதையும் கொடுங்கறீங்க."

போதகர் காப்பியைக் குடிக்கவில்லை. "நான் சொல்றதையும் கேளு. சர்க்கார் மார்ஷல் ஆளுங்க நாலு ஊர்ல விசாரிச்சுட்டாங்க. யார் தூண்டினது, யார் உதவினதுன்னு. மிஸ்டர் ஷார்ப்லெஸ் ஞாயித்துக்கிழமை வர்றாரு." ஷார்ப்லெஸ் என்பவர் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சொந்தக்காரரான வெள்ளைக்காரர், அடிமை முறையை வெறுப்பவர், ரத்தம் சிந்துவதை அதைவிட அதிகமாக வெறுப்பவர். பள்ளிக்கூடத்து அடுப்புக்கு விறகும் அவர்தான் தந்தார். "அவர் முகத்தைப் பாக்கணும். லெவினைப் பாக்கணும். லெவின் எங்கேருந்து எப்படி வந்தான்னு யாராவது கிளற ஆரம்பிச்சா?"

"அப்ப கை கேப்பீங்களா?" என்றாள் மார்செலின்.

அவர் தாளை மடித்தார். "இந்த முறை வேண்டாம். எழுந்து நின்னு என் கைன்னு சொல்றவன், நான்தான் தூண்டினேன்னு சொன்ன மாதிரி ஆயிடும். யார் நிப்பாங்க, சகோதரி? நீயே சொல்லு."

அவளுக்கும் அந்தப் பயம்தான். கை கேட்டு யாரும் எழவில்லை என்றால்? அங்கே ஒருமுறை யாரும் வராமல் போன பிள்ளை. இங்கே, பிறந்த மேட்டிலேயே, இரண்டாவது முறையும் யாரும் வராமல் போனால்? கேட்காமலே விட்டுவிட்டால் அந்த அவமானம் இல்லை. கேட்காமல் விட்டால், அவன் யாரோ ஒருவர் பேச்சில் மயங்கின அசடன்.

சாயங்காலம் லெவின் கொல்லையில் கைகழுவிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கான சுண்ணாம்பில் அந்தக் கைகள் கரம்பை மண் மாதிரி வெடித்திருந்தன. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வரவேண்டாங்க. வீட்டுலயே இருங்க" என்றாள் கடைசியில்.

"ஏன்?"

"நான் கேக்கப் போறேன்."

லெவின் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எம்புள்ளைக்குக் கை கேக்கற எடத்துல நான் இல்லாம அப்புறம் யார் இருப்பா? முன்பெஞ்சுல உக்காருவேன். எஞ்சட்டையத் தோச்சு வை."

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. ஷார்ப்லெஸ், எங்கேயும் தொப்பியைக் கழற்றாத தன் சபை வழக்கப்படி, தொப்பியோடே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டி வைக்கிற மேசை காலியாக இருந்தது. மார்செலின் நேராகப் போய், சால்வைக்குள்ளிருந்து சங்கை எடுத்து அந்த மேசைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. போதகர் தாளை வாசித்தார். அவர் குரல் எப்போதும்போல் இல்லை. "...வெளியிலிருந்து வந்த ஒரு கை இந்த இளைஞனைத் தவறான பாதையில் இழுத்துச் சென்றது..." வாசித்து முடித்துத் தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றார்.

மார்செலின் எழுந்தாள்.

"போதகரே, கை கேக்கலையே."

"சகோதரி, சரீரம் இல்லாத இடத்துல..."

"சரீரம்தான் இல்ல. கை இருக்குதில்ல, நம்மகிட்ட?" அவள் சபைப் பக்கம் திரும்பினாள். அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள். "நானே கேக்கறேன். ஜேபெஸ் பர்னெல்மேல யார் கை இருக்கு?"

"என் கை" என்றாள். "ஊதினா எல்லாரும் வருவாங்கன்னு அவனுக்குச் சொன்னது நான். அந்தக் கிழவர் சொல்லல. எங்கம்மா எனக்குச் சொன்னா, நான் அவனுக்குச் சொன்னேன். எம்புள்ள மயங்கிப் போகல. தெரிஞ்சு போனான்."

லெவின் எழுந்து நின்றார். "என் கை. துப்பாக்கிக்கு எண்ணெய் போடச் சொல்லிக்கொடுத்தேன். போறப்ப எங்க போறான்னு எனக்குத் தெரியும். தடுக்கல." சொல்லிவிட்டு உட்காரவில்லை.

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. கதவருகே இருந்த பெரி சிப்பிள், மனைவியின் முழங்கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போனார். அவருக்கும் எல்லை தாண்டி வந்த கதை உண்டு, கைக்குழந்தைகள் உண்டு. கதவு சாத்துகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மார்செலின் யார் முகத்தையும் பார்க்காமல் மேசைமேல் இருந்த சங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இருந்திருக்கும் அங்கே அவனுக்கு என்று நினைத்தாள். கூப்பிட்டுவிட்டு நிற்பது.

"ஏ மார்சி!" என்று பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல். கெசியா பாண்டம். "இன்னைக்குக் கோழியா, ஆள்பிடிகாரனா?"

ஆராதனை நடுவில் அப்படி ஒரு கேள்வி. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். யாருக்கோ அடக்கமுடியாமல் சிரிப்பு வெடித்து, அது இருமலாக மாறியது. மார்செலின் திரும்பினாள்.

"ஆள்பிடிகாரன்தான், கெசியாக்கா" என்றாள். "எம்புள்ள பேரைப் புடிச்சுக்கிட்டுப் போக வந்திருக்கான்."

"அப்படின்னா வரணுமே" என்றாள் கெசியா. தனக்கு முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தாள். "என் கை. நாலு தடவை காதைத் திருகியிருக்கேன், என் பேரிக்காய் மரத்துல ஏறினதுக்கு. அஞ்சாவது தடவை காய் பறிச்சுக் கையில கொடுத்தேன். ஆள்பிடிகாரனை எப்படி முறைக்கணும்னு அந்தப் பய எங்கிட்டத்தான் கத்துக்கிட்டான். வேற எவன்கிட்டயும் இல்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் காளவாய்க்காரர்களில் ஒருவர் எழுந்துவிட்டார். "வண்டி ஓட்டப் பழக்கின கை." அடுத்து மருத்துவச்சி. "பிடிச்சு வெளியே எடுத்த கை. அப்பவே எட்டி உதைச்சான்." ஓடைக்கரையில் அவனோடு நீந்தினவர்கள், அவனோடு சண்டை போட்டவர்கள். "மூக்கை உடைச்ச கை" என்றார் ஒருவர். "திருப்பி உங்க பல்லை அவன் உடைச்சான், அதையும் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள் என்று சொல்லமுடியாது. சிலர் மடியைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். மார்செலின் அவர்களைக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எல்லோருக்கும் கடைசியாகப் போதகர் டில்மன், வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார். மேடையிலிருந்து இறங்கி, சபையார் நிற்கிற தரையில் வந்து நின்றார்.

"என் கை" என்றார். "எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அது மட்டும் இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே மேடையில, கட்டிப்போட்டவன் கையைக் கடிக்கிறது பாவமில்லைன்னு பிரசங்கம் பண்ணினேன். அப்ப எனக்குத் தைரியம் இருந்துச்சு. கேட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம். அவன் ஒருத்தன்தான் அதை மறக்கல."

தாளை அடுப்புக்குள் போட்டார். ஷார்ப்லெஸ் எழுந்து, யாரையும் கடிந்துகொள்ளாமல், மெல்ல வெளியே போனார். அந்தக் குளிர்காலம் பள்ளிக்கூடத்துக்கு அவர் விறகு வரவில்லை. மேட்டுக்காரர்கள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். காளவாயில் வேலையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு அவர் நியாயஸ்தர். மார்ஷல் ஆட்கள் வரக்கூடும் என்ற பயம் வசந்தகாலம்வரை இருந்தது. லெவின் தூங்கும்போது பூட்ஸைக் கழற்றுவதில்லை.

திங்கட்கிழமை மார்செலின் ஒரு கோழி அடித்தாள். மாவைப் பிசைந்து துண்டு போட்டாள். குழம்பு இறங்கியதும் வாசலுக்கு வந்தாள். சங்கு பழையபடி ஆணியில் இருந்தது. கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊதினாள். ஒரே ஊதல், நீளமாக.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெவின் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் இரண்டு பேர். காளவாயில் இருந்தவர்களில் முக்கால்வாசி வரிசையாகப் படிக்கட்டுக்கு வந்து நின்றார்கள், சுண்ணாம்பு பூத்த தலையோடு. வேலிக்கு அந்தப் பக்கம் கெசியா தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

"ஒன்னுதானே ஊதினேன்?" என்றாள் மார்செலின்.

"ஒன்னுதான்" என்றார் வண்டி ஓட்டப் பழக்கினவர். "எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. கோழியா?"

"கோழிதான்" என்றாள். ஒரு கோழி எத்தனை பேருக்குக் காணும் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தாள். "மாவு இன்னும் கொஞ்சம் பிசையறேன். கையைக் கழுவிட்டு உக்காருங்க."